மொட்டை மாடிக்கு முறைத்தண்ணி

ஏனுங் மாப்பள, கத்தாழைக்குமா டிரிப்பர் சொருகுனீங்க? இல்லீங், எந்திரிக்க வேண்டாம், குந்துன எடத்துலயே இருங்க. கொறை சொல்ல வரலை நான். அம்மிணி காப்பி போட நேரமாகும்னா. அதுவரைக்கும் மாப்பளகூடச் சித்த பழமை பேசலாமேன்னு படியேறி வந்தேன்.

எங்க இட்டேரி ஓரத்துல நிக்கற கத்தாழைக்கு எங்கப்பன் காலத்துல இருந்து ஒருத்தரும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனதில்லை. இங்க என்னடான்னா தெனமும் வெடியால அஞ்சரை மணிக்குச் சொட்டுத் தண்ணி. சிங்கப்பூருக்கு டிக்கெட்டுப் போட்டவிய ஊட்டுக் கத்தாழைன்னா சும்மாவா! ரெண்டு வாரத்துல வேரழுகி அது சாஞ்சு கெடக்கும். நீங்க அங்க நின்னுட்டு செல்போனைப் பாத்து, "எல்லாம் பச்சையாக் காட்டுதுங் அப்புச்சி"ம்பீங்க. பச்சையா எரியறது டைமருங்க, செடி இல்லை. உருவிப் போடுங்க அதை. பாம்புச்செடின்னு உள்ள வச்சிருக்கீங்களே, அதுக்கும் வேண்டாம். ரெண்டு வாரம் இல்லை, ஒரு மாசம் நீங்க வராட்டியும் அது வெசனப்படாது.

மெஷினைக் கண்டா மெரள்ற கெழவன்னு என்னை நெனச்சுப் போடாதீங்க. நேரம் வச்சுத் தண்ணி பாயறதுன்னா என்னன்னு உங்க செல்போனு பொறக்கறதுக்கு முந்தியே எங்களுக்குத் தெரியும். பவானிசாகர் அணை 1955ல முடிஞ்சுது. அதுல இருந்து வர்ற கீழ்பவானி வாய்க்கா 200 கிலோமீட்டர் நீளம், பாசனம் 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒட்டுக்காத் தொறந்து விட அணையில ஏது தண்ணி? அதனால ஒரு போகத்துக்கு ஒத்தைப்படை மதகு, அடுத்த போகத்துக்கு ரெட்டைப்படை மதகு. மதகுக்குள்ள வந்தா ஏக்கராவுக்கு இத்தனை நேரம்னு காட்டுக்காரங்களுக்குள்ள முறை. உங்க முறை நடுச்சாமம் ரெண்டு மணிக்குன்னா, ரெண்டு மணிக்கு மம்முட்டியும் கையுமா வாய்க்காக் கரையில நிக்கோணும். தூங்கிப் போட்டீங்கன்னா எழுப்பி விட ஆளிருக்காது. உங்க தண்ணியை வாங்கி உட்டுக்கறதுக்கு மட்டும் ஆளிருக்கும்.

பொறவு கெணத்துக்கு மோட்டார் வந்துது. மும்முனைக் கரண்டு பகல்ல கொஞ்ச நேரம், ராத்திரி கொஞ்ச நேரம்னு பிரிச்சு விட்டாங்க. சாமத்துல எந்திரிச்சுப் போயி சுச்சுப் போட ஆருக்கு முடியும்? ஆட்டோ ஸ்டார்ட்டர்னு ஒரு பொட்டியை வாங்கி மாட்டுனோம். கரண்டு வந்த ஒடனே அதுவே மோட்டாரைப் போட்டுக்கும். எங்கூர்ல ஒருத்தரு, பேரு வேண்டாம், மஞ்சக் காட்டுக்கு அந்தப் பொட்டியை நம்பி மடையைத் தொறந்து வச்சுட்டு ஒறம்பரைக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. கரண்டு சரியா வந்துது. மோட்டார் சரியா ஓடுச்சு. எலி வங்குல வரப்பு ஒடைஞ்சு தண்ணி முச்சூடும் பங்காளி காட்டுக்குப் போயிருச்சு. பங்காளி காலையில பாத்துட்டு ஒரு வார்த்தை பேசலை. பேசுவானா? ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போடுமுங்க, மடை திருப்பாது. உங்க கையில இருக்கற டைமரும் அதே வகையறாதான். கொழாயைத் தொறக்கும், மூடும். தண்ணி எங்க போச்சுன்னு அதைக் கேக்கப்படாது.

சொட்டு நீரு நம்ம காட்டுலயும் இருக்குதுங்க. சிறு குறு விவசாயிக்கு நூத்துக்கு நூறு மானியம், மத்தவியளுக்கு 75. போட்டுக் குடுத்தப்ப ஒரு பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு கதை சொன்னாங்க. இஸ்ரேல்ல சிம்கா பிளாஸ்னு ஒரு தண்ணி இஞ்சினீயரு. ஒரு எடத்துல வரிசையா நிக்கற மரத்துல ஒரு மரம் மட்டும் தாட்டியமா வளந்து நின்னுருக்குது. ஏன்னு கிட்டப் போயிப் பாத்தா, அதோட வேருகிட்டக் கொழாய் ஒழுகுது. அதை மனசுல வச்சுட்டே இருந்தவரு, பல வருசம் கழிச்சு, 1965ல ஹட்செரிம்ங்கற கூட்டுப் பண்ணைக்காரங்களோட சேந்து நெட்டாபிம்னு கம்பெனி ஆரம்பிச்சு ஒலகத்துக்கே டிரிப்பர் வித்தாரு. எனக்கு அந்தக் கதையில புடிச்சது கம்பெனி இல்லீங். ஒழுகுற கொழாயைப் பாத்தா நம்மாளு பிளம்பரைக் கூப்புடுவான், இல்லாட்டி கீழ் ஊட்டுக்காரனோட சண்டைக்குப் போவான். அந்த மனுசன் மரத்தைப் பாத்தாரு. நீங்க வெடியால இருந்து கொழாயைத்தான் பாத்துட்டு இருக்கீங்க. செடியை ஒருக்காத் தொட்டுப் பாத்தீங்களா?

செரி, அந்த டைமர் டப்பாவைக் குடுங்க. கண்ணாடி இல்லாட்டிப் போகுது, இத்தினியூண்டு எழுத்தையெல்லாம் படிச்சு அடங்கல் வாங்குன கண்ணுதான் இது. ஆங், இங்க பாருங்க. உள்ள சோலனாய்டு வால்வுங்கறான். கொறைஞ்ச பட்சம் இத்தனை பிரஷர் வேணும்ங்கறான். அது தண்ணி தள்ளற தள்ளுலதான் வேலை செய்யும். தள்ளு இல்லைன்னா தொறக்கவும் மாட்டேங்கும், தொறந்தா மூடவும் மாட்டேங்கும். முப்பத்து மூணு அடி ஒசரத்துல தண்ணி நின்னாத்தானுங்க ஒரு கிலோ பிரஷரு. உங்க தண்ணித் தொட்டி நிக்கறது மூணடித் திண்டு மேல. தொட்டி ரொம்பி இருந்தா ஆறடி, அடிமட்டம் போயிட்டா மூணடி. கால் கிலோகூட இல்லை. இதுக்கு உள்ள உருண்டை வால்வு வச்ச டைமர்னு தனியா விக்கறான், குட்டி மோட்டார் வச்சுக் கொழாயைத் திருகித் தொறக்கும். பிரஷரே இல்லாட்டியும் அதுக்குக் கவலை இல்லை. தொட்டித் தண்ணிக்கு அதுதான். கடையில கேக்காம வாங்கியாந்தீங்களா? படத்துல கொழாய் அழகா இருந்துச்சாக்கும். பரவால்லீங், இதை இப்பிடி வைங்க. வெய்யில்ல வேண்டாம், அங்க என்ற பையிக்குப் பக்கத்துல நெழல்ல வைங்க.

இந்த டிரிப்பர்லயும் அதே சேதிதான். மேல 4 லிட்டர்னு போட்டிருக்குது. மணிக்கு நாலு லிட்டர் வரும்னு கணக்குப் போட்டு, கால் மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்னு அட்டவணை எழுதி வச்சிருக்கீங்க, கண்டேன். அந்த 4 ஒரு கிலோ பிரஷருக்குப் போட்ட கணக்கு மாப்பள. உங்க தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் வந்தாலே பெருசு. பிரஷரைச் சமன் பண்ற டிரிப்பர்னு இன்னொரு வகை வெல கூடப் போட்டு விக்கறான். எங்க தோப்புக்கு அது தேவைதான். இங்க போட்டீங்கன்னா சொட்டவே யோசிக்கும். உங்களுக்கு வெறும் மைக்ரோ டியூப்பே போதும், இல்லாட்டித் திருகி வைக்கற சின்னக் கொழாய் மூக்கு.

கணக்குப் பண்றதுக்கு ஆப்பு வேண்டாம். படிக்கட்டுக்கு அடியில ஒரு காலி குவார்ட்டர் பாட்டில் கெடக்குது. உங்களுதுன்னு நான் சொல்லலீங். ஆரோ போட்டுட்டுப் போயிருப்பாங்க. அது சரியா 180 மில்லி, கெவுருமென்ட்டு அளவு, அளவுல ஏமாத்து கெடையாது. அதை ஒரு டிரிப்பருக்கு அடியில வச்சு, கழுத்து வரைக்கும் ரொம்பறதுக்கு எத்தனை நிமிசம்னு பாருங்க. தொட்டி பாதி இருக்கறப்ப எட்டு நிமிசம் ஆவும்னு நெனைக்கறேன். அப்ப அரை லிட்டருக்கு இருவது நிமிசத்துக்கு மேல ஓடோணும். ஒரு டிரிப்பர்ல மட்டும் பாத்தாப் பத்தாது. தண்ணித் தொட்டிகிட்ட இருக்கற மொத டிரிப்பர்ல ஒன்னு, அந்தக் கடைசியில செவுத்தோரம் கத்திரிச்செடி நிக்குதே, அங்க ஒன்னு.

இப்பவே சொல்றேன், கத்திரிக்குப் பாதிதான் வந்திருக்கும். கடைமடைங்க அது. நான் கடைமடைக்காரன், எனக்கு இது புஸ்தகத்துல படிச்ச சேதி இல்லை. அணை தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போட்டோ வரும், மந்திரி பூத் தூவுவாரு, எங்க காட்டு வாய்க்கால்ல தவளைகூடக் கத்தாது. மேல இருக்கறவன் உறிஞ்சுனது போக மிச்சந்தான் கீழ வரும். உங்க மொட்டை மாடியிலயும் தொட்டிகிட்ட இருக்கற தக்காளி மிராசுதார், செவுத்தோரக் கத்திரி கடைமடைக் குடியானவன். ஆனா வாய்க்காலுக்கு இல்லாத ஒரு வசதி உங்க கொழாய்க்கு இருக்குது. அந்த நுனியில முடிச்சுப் போட்டு மூடி இருக்கீங்களே, அதை மூடாம, திருப்பிக் கொண்டாந்து தொட்டிக் கொழாயோடவே சேத்துப் போடுங்க. வட்டமாயிரும். தண்ணி ரெண்டு பக்கமும் இருந்து வரும். கடைமடைங்கறதே இருக்காது. பொதுப்பணித் துறைக்கு இந்த யோசனையைச் சொல்லிப் பாத்தேன், வாய்க்காலை எப்பிடிங்க வட்டமா வெட்டறதுன்னு சிரிச்சாங்க.

அடுத்தது, எந்தச் செடிக்கு எத்தனைன்னு. உங்க அட்டவணையில அத்தனை தொட்டிக்கும் கால் மணி நேரம்னு இருக்குது. கைக்கொழந்தைக்கும், பெத்தவளுக்கும், பல்லில்லாத எனக்கும் ஒரே கரண்டியில ஒரே அளவு சோறு போட்ட மாதிரி. ஒரு டைமர், ஒரு வால்வு, அதனால நிமிசத்தை மாத்த வழியில்லைம்பீங்க. நிமிசத்தை ஆரு மாத்தச் சொன்னா? மூக்கை மாத்துங்க. தக்காளிக்கு ரெண்டு டிரிப்பர், கத்திரிக்கு ரெண்டு, மல்லிகைக்கும் கறிவேப்பலைக்கும் ஒன்னொன்னு, துளசிக்கு ஒன்னைப் பாதி திருகி, கத்தாழைக்கு நமஸ்காரம்.

எத்தனை குடிக்குதுன்னு தெரியாம மூக்கை எப்பிடி எண்ணறதுன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. பிளேன்ல பொட்டி எடை பாக்கறதுக்குத் தொங்கவுடற தராசு ஒன்னு வாங்குனீங்களே, அதை எடுத்தாங்க. சாயந்தரம் நல்லாத் தண்ணி ஊத்தி, அடி ஓட்டையில வடிஞ்சு நின்னதும் செடித் தொட்டியைத் தூக்கி எடை போடுங்க. அடுத்த நாள் சாயந்தரம், தண்ணி ஊத்தறதுக்கு முந்தி, மறுக்கா எடை போடுங்க. ஒரு கிலோ கொறைஞ்சிருந்தா ஒரு லிட்டர் குடிச்சிருக்குதுன்னு அர்த்தம். தண்ணிக்கு மட்டும் கிலோவும் லிட்டரும் ஒன்னு, பாருங்க, சாமி நமக்கு எத்தனை சுளுவாப் பண்ணி வச்சிருக்குது. பன்னெண்டு அங்குலத் தொட்டிக்கு இந்தச் சித்திரை வெய்யில்ல அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் போகும். காய் புடிச்ச தக்காளி ஒன்றரையும் கேக்கும். இலை கூடக் கூடத் தாகம் கூடும். மண்ணு தொட்டிக்குள்ள இருந்தாலும் வெய்யிலு குடிக்கறது இலை வழியாங்க. அதனாலதான் போறதுக்கு மொத நாள் காயை எல்லாம் பறிச்சுப் போட்டு, தழைஞ்ச கொப்பை வெட்டி, தொட்டிகளை ஒட்டுக்கா நகத்தி அந்தப் பச்சை வலைக்கு அடியில வைக்கச் சொல்றேன். பாதித் தண்ணி அதுலயே மிச்சம். பறிச்ச காயை என்ன பண்றதுன்னு வெசனப்படாதீங்க, என்ற பையில எடமிருக்குது.

மண்ணுன்னு சொன்னேன், எங்க மண்ணு? முச்சூடும் தென்ன நார்த்தூளு. பொள்ளாச்சிப் பக்கம் இதை மலையாக் குமிச்சு வச்சிருப்பான். ஈரம் இருக்கற வரைக்கும் தங்கமான பொருள். ஒருக்கா எலும்பாக் காஞ்சு போச்சுன்னா சட்டுனு தண்ணி புடிக்காது. மேல ஊத்துன தண்ணி ஓரமா எறங்கி அடி ஓட்டையில ஓடிரும். நீங்க கீழ தண்ணி வருதேன்னு சந்தோசப்படுவீங்க, நடுவுல வேரு காஞ்சு கெடக்கும். அதனால இருவது நிமிசத்தை ஒரே மூச்சுல விடாதீங்க. வெடியால அஞ்சு மணிக்கு அஞ்சு நிமிசம், தூளு நனைஞ்சு உப்பறதுக்கு. அரை மணி நேரம் கழிச்சு மிச்சம், வேருக்கு. நடுமத்தியானத்துல மட்டும் வைக்காதீங்க. கறுப்புக் கொழாய் வெறும் தரையில கெடக்குது. பத்து மீட்டர் கொழாய்க்குள்ள ஒன்றரை லிட்டர் தண்ணி நிக்கும், மத்தியானம் கை வச்சா சுடும். மொதல்ல செடிக்குப் போறது அந்த வெந்நீருதான். வேருக்குத் தண்ணி வாக்கறீங்களா, வேக வைக்கறீங்களா?

இதெல்லாம் செரியாப் பண்ணிப் போட்டீங்கன்னு வையுங்க. இனி நீங்களே எப்பிடிக் கெடுப்பீங்கன்னு சொல்றேன்.

நீங்க ஊருக்குக் கெளம்பறதைப் பாத்திருக்கேன். அம்மிணி மூணு தடவை கேஸைப் பாப்பா, நீங்க ரெண்டு தடவை பூட்டை இழுத்துப் பாப்பீங்க, கடைசியா வாசப்படி தாண்டறப்ப "மெயினை ஆஃப் பண்ணீட்டியா"ன்னு ஒரு கொரலு. டப்புனு மெயின் விழுகும். வைஃபை பொட்டி அணைஞ்சுது. பால்கனியில வாளிக்குள்ள போட்டு வச்ச குட்டி மோட்டார் அணைஞ்சுது. நீங்க ஏர்போர்ட்டுல குந்திட்டுச் செடிக்குத் தண்ணி விடற பட்டனை அமுக்குவீங்க, அது சுத்திக்கிட்டே இருக்கும். மேல் மாடிக்குப் பேட்டரியில ஓடற டைமர் வைக்கச் சொல்றது அதுக்குத்தான். பேட்டரி புதுசா வாங்குங்க. டிவி ரிமோட்டுல இருக்கறதைக் கழட்டிப் போடற புத்தி வரும், எனக்குத் தெரியும்.

பால்கனிக்குச் சுத்தற முகம் வச்ச பழைய டைமர் பிளக்கு ஒன்னு மாட்டிருக்கீங்க. கரண்டு ரெண்டு மணி நேரம் போனா அதும் ரெண்டு மணி நேரம் தூங்கும். எந்திரிச்சதும் விட்ட எடத்துல இருந்துதான் நடக்கும். நாலு தடவை கரண்டு போச்சுன்னா உங்க வெடியாலத் தண்ணி உச்சி வெய்யிலுக்குப் போயிரும். நம்பர் காட்டறதா வாங்குனா அதுல வேற வெனை: ஏஎம், பிஎம் மாறிப் போட்டு அஞ்சு மணிச் சாயந்தரத்துக்கு வச்சுட்டு, காலையில தண்ணி வரலைன்னு கம்பெனிக்காரனைத் திட்டறது. இருவத்து நாலு மணிக் கணக்குல வச்சுக்கங்க.

அந்த வாளியை ஏன் முக்காலி மேல தூக்கி வச்சிருக்கீங்க? அழகுக்கா? செடித் தொட்டி கீழ, வாளி மேல. மோட்டார் அஞ்சு நிமிசம் ஓடி நின்னுரும். தண்ணி நிக்காதுங்க. கொழாய் ரொம்பி இருக்குதுல்ல, அதுவே இழுத்துட்டு எறங்கிட்டே இருக்கும், வாளி வறள்ற வரைக்கும். லாரிக்காரன் டீசலை டியூப் போட்டு வாயில உறிஞ்சி எடுக்கறானே, அதே வித்தை. மொத நாள்லயே வாளி காலி, கீழ் ஊட்டு பால்கனியில அருவி, அப்புறம் ரெண்டு வாரம் மோட்டார் வெறும் வயித்துல ஓடும். வாளியைத் தரையில வச்சுத் தொட்டியைத் திண்டு மேல ஏத்துங்க. இல்லைன்னா வாளிக்குள்ளயே, தண்ணி மட்டத்துக்கு மேல, கொழாயில ஊசியால ஒரு பொத்தல் போடுங்க. மோட்டார் நின்னதும் அந்தப் பொத்தல் காத்தை உறிஞ்சும், இழுப்பு அறுந்துரும். ஓடறப்பக் கொஞ்சம் வாளிக்குள்ளயே பீச்சி அடிக்கும், அடிச்சுட்டுப் போகுது. இந்த ஊசிப் பொத்தலுக்கு அவன் தனியா ஒரு பேரு வச்சு, தனியாக் காசும் வாங்கறான்.

அணிலைப் பத்தி நான் பேசலை. அது கடிக்கும். எங்க தோப்புல கடிக்குது, இங்கயும் கடிக்கும். தாகத்துக்குக் கடிக்கறதுன்னு நெனச்சு நாங்க ஒரு சட்டியில தண்ணி வைக்கறோம். அதையும் குடிச்சுட்டு அணிலு கொழாயையும் கடிக்குது. பில்டரு மட்டும் மறக்காதீங்க. உங்க போர்த் தண்ணி காஞ்ச எடமெல்லாம் வெள்ளையாப் படிஞ்சிருக்குது பாருங்க, அந்த உப்பு டிரிப்பர் ஓட்டையையும் அடைக்கும். டிரிப்பரை எலுமிச்சம் புளிப்புத் தண்ணியில ஒரு ராத்திரி ஊறப் போட்டு எடுங்க.

மண்ணுல குத்தற முள்ளு ஒன்னு காட்டுனீங்க, ஈரம் பாத்துச் சொல்லும்னு. ரெண்டு முள்ளு வச்ச மலிவு ஜாமானுன்னா துரு ஏறி ஒரு பருவத்துல பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதைவிட உங்க ஆள்காட்டி வெரல் பரவால்லை. ரெண்டு கணு வரைக்கும் உள்ள விட்டுப் பாருங்க. அதுக்கு சார்ஜ் போட வேண்டாம்.

தொட்டிக்கு அடியில தட்டு வைக்காதீங்க. வழியற தண்ணி நின்னுச்சுன்னா டெங்குக் கொசுவுக்கு அது போதும், முட்டையில இருந்து கொசுவாகிப் பறக்க இந்த வெய்யிலுக்கு ஒரு வாரம் பத்து நாள்தான். ரெண்டு வாரத்துக்கு ஆளில்லாத மாடி, தெனமும் தப்பாம தண்ணி. நீங்க வர்றப்பக் கார்ப்பரேசன்காரங்க வாசல்ல நோட்டீசோட நிப்பாங்க. ஐப்பசி கார்த்திகையில இதைக் கழட்டியே வச்சுருங்க. வடகிழக்குப் பருவமழை கொட்டறப்ப இந்த டைமர் கொடை புடிச்சுட்டு அஞ்சு மணிக்குத் தண்ணி விடும். மழை வந்தா நிறுத்தறதுக்கு ஒரு மூடி விக்கறான், வாங்கறதுன்னா வாங்குங்க. சுச்சை அணைக்கறதுக்கு நீங்க ஊட்டுல இருப்பீங்கல்ல, அப்ப?

ஒன்னே ஒன்னு பண்ணுங்க மாப்பள. நீங்க போறது அடுத்த வாரம். இன்னைக்கே ஊருக்குப் போயிட்டாப்பல நடிங்க. டைமரை ஓட விடுங்க, மாடிக்கு வராதீங்க, வாளியைத் தொடாதீங்க, செல்போன்ல பாக்காதீங்க. மெயினையும் ஒரு நாள் ராத்திரி அணைச்சு வைங்க. அம்மிணி ஏசி இல்லாம ஒரு ராத்திரி என்ன சொல்றாள்ங்கறது உங்க பாடு. அஞ்சாம் நாள் மேல வந்து தராசு போடுங்க. எடை கொறைஞ்சுட்டே போற தொட்டிக்கு ஒரு மூக்கு கூட. எடை ஏறுற தொட்டியில ஒன்னு உருவுங்க. வாடிப் போச்சா? பரவால்லை, நீங்க ஊட்டுல இருக்கறப்ப வாடுன செடிக்கு ஒரு சொம்புல உசுரு வரும். சிங்கப்பூர்ல இருந்து சொம்பு நீட்ட முடியாது.

இந்தச் சின்னப் பால்கனித் தொட்டி ரெண்டுக்கு மோட்டாரே வேண்டாம். சுட்ட மண் கலயம், பூச்சு இல்லாதது, கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள பொதைச்சுத் தண்ணி ரொப்பி மேல மூடி வைங்க. மண்ணு காய்ஞ்சா அது கசியும், ஈரமா இருந்தா அதும் சும்மா இருக்கும். எங்க தோப்புல தென்னங்கன்னு வச்ச வருசம் அப்பிடித்தான் பானை பொதைச்சோம். கலயத்தோட அளவுக்குத் தக்க நாலஞ்சு நாள் வரும், அதுக்கு மேல எதுத்த ஊட்டு அம்மிணிகிட்டத் தொறப்புக்குச்சியைக் குடுத்துட்டுப் போங்க. அவியளுக்கு வர்றப்ப ஒரு சாக்லேட் டப்பா. மேல் மாடியையும் ஒருக்கா எட்டிப் பாக்கச் சொல்லுங்க, அணிலு கதை தெரியணுமே.

அந்தா, காப்பி வந்துருச்சு. அம்மிணி, எனக்குச் சக்கரை வேண்டாம், மாப்பளைக்கு ரெண்டு கரண்டி போடு, இன்னைக்கு நெம்பக் கசப்பாக் கேட்டிருக்காரு.

அப்பறமுங்க மாப்பள, அந்த மொத டைமரு. அதைத் திருப்பி அனுப்பலாம்னு நெனைப்பீங்க. டப்பாவுல பில்லைப் பாத்தேன், திருப்பித் தர்ற நாளு தாண்டிப் போச்சு. உங்க தொட்டிக்கு ஆகாது, மூணடித் திண்டை முப்பதடிக்குக் கட்டறதா? அசோசியேசன்ல விடுவாங்களா? எங்க மேட்டுக் காட்டுல தண்ணித் தொட்டி நிக்குது, கீழ பள்ளத்துல மாட்டுத் தொண்டுபட்டி, நடுவுல முப்பதடி எறக்கம். இந்த வால்வுக்கு வேணும்ங்கற பிரஷரு அங்க கெடையாக் கெடக்குது. பொழுதெறங்கறப்ப மாட்டுத் தாழியை ரொப்பறதுக்கு நான் இனி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடக்கோணுமா, சொல்லுங்க? பையிக்குப் பக்கத்துலதான் இருக்குது, நீங்க எந்திரிக்க வேண்டாம், நானே உள்ள வச்சுக்கறேன். பேட்டரி மட்டும் புதுசா ரெண்டு போட்டுக் குடுத்துருங்க.